வேலை கூடினால் கணினி அணைவது ஏன்? – கணினி கேள்வி-பதில்

கேள்வி: ஐயா, பாபநாசத்தில் கல்யாண ஆல்பமும் வீடியோ எடிட்டிங்கும் செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். கோர் ஐ7-12700 பிராசசரும் 32 ஜிபி ரேமும் உள்ள கணினியில், சென்ற ஐப்பசியில் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் சேர்த்தேன். எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு வேண்டிய மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி), கேபினட்டோடு வந்த 450 வாட். போட்டோஷாப்பில் நாள் முழுவதும் வேலை செய்தாலும் தொல்லை இல்லை. வீடியோவை எக்ஸ்போர்ட் கொடுத்தால் சில நொடிகளிலோ இரண்டொரு நிமிடத்திலோ பட்டென்று அணைந்துவிடுகிறது. விண்டோஸ் பழுதாகி நிற்கும்போது வரும் நீலத் திரை எதுவும் வருவதில்லை. பவர் பொத்தானை அழுத்தினாலும் உயிர் வராது. சுவர் சுவிட்சை அணைத்துச் சற்று நேரம் கழித்துப் போட்டால்தான் வரும். வெப்பம் 78 டிகிரியைத் தாண்டி நான் பார்க்கவில்லை. ஒருவர் விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுத்தார், பயனில்லை. இன்னொருவர் மதர்போர்டு போய்விட்டது என்கிறார். கடைக்கு எதிரிலேயே நெல் கொள்முதல் நிலையம் இருப்பதால் தூசியும் அதிகம். தை முகூர்த்த வேலைகள் குவிந்து கிடக்கின்றன. என்ன செய்யலாம்?
– வாசகர், பாபநாசம்

பதில்: மதர்போர்டு வாங்க இப்போதைக்குப் பணம் எடுத்து வைக்க வேண்டாம். பொத்தானை அழுத்தினால் உயிர் வராது, சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் வரும் என்று தாங்கள் எழுதியிருக்கும் வரிதான் இக்கடிதத்தில் முக்கியமானது. தாங்கக்கூடிய அளவுக்கு மேல் மின்சாரம் கேட்கப்படும்போதோ, தான் வெளியே கொடுக்கும் வோல்டேஜ் எல்லை மீறும்போதோ எஸ்எம்பிஎஸ் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். அப்படி நின்ற பிறகு, சுவர் இணைப்பு துண்டிக்கப்பட்டு உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடியும் வரை மறுபடி இயங்காமல் பூட்டிக்கொள்ளும்படிதான் பெரும்பாலானவை வடிவமைக்கப்பட்டுள்ளன. சூட்டினால் அணைந்த கணினி இப்படி நடந்துகொள்வதில்லை. பொத்தானை அழுத்தியதும் அது எழுந்துவிடும்; சூடு தணியாதிருந்தால் சிறிது நேரத்தில் மீண்டும் படுத்துவிடும்; சில மதர்போர்டுகள் பிராசசர் அளவுக்கு மீறிச் சூடானதாகத் திரையிலேயே எழுதிக் காட்டும்.

இரண்டாவது அடையாளம், அணைவதற்கு ஆகும் நேரம். பிராசசரின் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க் சூடேறி, கேபினட்டின் உள்ளே காற்று கொதித்து, வெப்பம் எல்லையைத் தொடுவதற்குப் பொதுவாகச் சில நிமிடங்களாவது ஆகும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே நேரமும் ஆகும். மின்சாரக் குறைபாடு அப்படிக் காத்திருக்காது. வேலையின் சுமை ஏறிய அந்தக் கணத்திலேயே, ஒரு நாள் பத்தாவது நொடியில், மறுநாள் இரண்டாவது நிமிடத்தில் என்று கணக்கில்லாமல் விழும். மேலும், தங்கள் பிராசசருக்கு அதன் தயாரிப்பாளர் வகுத்திருக்கும் எல்லை 100 டிகிரி. அதை நெருங்கும்போது அது முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அப்படியும் அடங்காமல் மேலே போனால்தான் அணையும். ஆகவே 78 டிகிரியில் அணைகிற கணினியில் பிராசசரின் சூட்டைக் குறை சொல்ல இடமில்லை.

விண்டோஸை மறுபடி போட்டவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதை ஊகிக்க முடிகிறது. கணினியில் நடப்பவற்றை விண்டோஸ் பதிவு செய்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழே சிஸ்டம் பகுதியைப் பார்த்தால், 'கெர்னல்-பவர் 41' என்ற சிவப்புக் குறியிட்ட பதிவு ஒவ்வொரு அணைப்புக்கும் ஒன்றாக வரிசையாக நிற்கும். கெர்னல் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு இது விண்டோஸின் கோளாறு என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் அது அணையும்போது எழுதப்படுகிற பதிவு அன்று. கணினி மறுபடி எழுந்தபின், 'சென்ற முறை நான் முறையாக மூடப்படவில்லை' என்று விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு, அவ்வளவுதான். காரணம் என்ன என்பதை அது சொல்வதில்லை. அந்தப் பதிவின் விவரங்களில் பக்செக் கோடு என்ற எண் 0 என்று இருந்தால், நீலத் திரை எதுவும் பதிவாகாமலே மின்சாரம் போயிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். வேறு எண் இருந்தால்தான் டிரைவர், ரேம் என்று தேட வேண்டும். பழுதான ரேம் பெரும்பாலும் நீலத் திரையையோ உறைந்துபோன திரையையோ தரும். விளக்கை அணைத்ததுபோல் கணினியை அணைக்காது.

இனி கணக்குக்கு வருவோம். தங்கள் பிராசசரின் அடிப்படை அளவு 65 வாட் என்று பெட்டியில் இருந்தாலும், முழு வேகத்தில் 180 வாட் வரை இழுக்க அதற்கு அனுமதி உண்டு. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டின் அளவு 170 வாட். மதர்போர்டு, ரேம், டிஸ்குகள், மின்விசிறிகள் எல்லாவற்றுக்கும் ஐம்பது, அறுபது வாட் சேர்த்தால் 400 வாட்டைத் தொடுகிறோம். போட்டோஷாப் வேலையில் இவை எல்லாம் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடுவதில்லை. எக்ஸ்போர்ட்டில் பிராசசரும் கார்டும் சேர்ந்தே உச்சத்துக்குப் போகக்கூடும். 450க்குள் 400 அடங்கிவிடுகிறதே என்று தோன்றும். இங்கேதான் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிக்க வேண்டும். அதில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனிக் கட்டங்களும் அவற்றின் கீழே ஆம்பியர் எண்களும் இருக்கும். பிராசசரும் கார்டும் ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட்டில்தான் பசியாறுகின்றன. அந்தக் கட்டத்தில் உள்ள ஆம்பியரை 12ஆல் பெருக்குங்கள். கேபினட்டோடு இனாமாக வரும் எஸ்எம்பிஎஸ் ஒன்றில் அது 18 ஆம்பியர் என்று இருந்தால், 216 வாட்தான் கையில் இருக்கிறது. மீதி வாட்டெல்லாம் யாரும் அதிகம் கேட்காத மற்ற வரிசைகளைக் கூட்டி எழுதிய எண். 450 என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு 12 வோல்ட் கட்டத்தைப் பொடி எழுத்தில் போடும் வழக்கத்தை என்னால் நேர்மையானது என்று சொல்ல முடியவில்லை.

இதோடு இன்னொன்றும் உண்டு. இக்காலக் கிராபிக்ஸ் கார்டுகள் சராசரியாக இழுக்கும் அளவை விட மிகக் கூடுதலான மின்சாரத்தை, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்குக் கேட்டுவிட்டு அடங்கும். இந்தத் தொல்லையைக் கருத்தில் கொண்டுதான் 2022இல் வெளியான ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, மிகச் சிறிய நேரத்துக்கு எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல இரு மடங்கு வரை தாங்க வேண்டும் என்று வகுத்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் இந்தத் துள்ளல் தெரியாது. ஆனாலும் மல்டிமீட்டர் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம்: பயன்படுத்தாத நான்கு முனை இணைப்பில் மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையே டிசி வோல்டேஜை வைத்துக்கொண்டு எக்ஸ்போர்ட்டைத் தொடங்குங்கள். 12 வோல்ட்டில் ஐந்து விழுக்காடு வரை ஏறி இறங்கலாம் என்பது விதி. அணைவதற்கு முன் 11.4க்குக் கீழே இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு விவாதத்துக்கு இடமில்லை.

உறுதி செய்துகொள்ள விரும்பினால் சுமையைப் பிரித்துப் பாருங்கள். திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்து மூடிவிட்டு, பிராசசரை மட்டும் வாட்டும் பிரைம்95 நிரலைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். அதை நிறுத்திவிட்டு, கார்டை மட்டும் வாட்டும் ஃபர்மார்க்கை ஓட்டுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். வெப்பத்தைப் பக்கத்திலேயே எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற ஒரு நிரலில் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். தனித்தனியே தாங்கி, சேர்த்தபோது விழுந்தால் எஸ்எம்பிஎஸ்ஸின் கொள்ளளவு போதவில்லை. கார்டை ஓட்டும்போது மட்டும் விழுந்தால், அதற்குச் செல்லும் எட்டு முனைக் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த இணைப்பு இல்லாததால், நான்கு முனை இணைப்பிலிருந்து எட்டு முனைக்கு மாற்றும் அடாப்டரைப் போட்டுக் கார்டை மாட்டிவிட்டுப் போவது வழக்கமாக இருக்கிறது. மஞ்சள் கம்பி நுழையும் இடத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால், அந்த அடாப்டரை அன்றே குப்பையில் போட வேண்டும். பிராசசரை ஓட்டும்போது மட்டும் விழுந்தால்தான் மதர்போர்டின் மீது சந்தேகம் நியாயமாகும்.

வாங்குவதானால், நல்ல தயாரிப்பாளருடைய 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸாகவும், 12 வோல்ட் கட்டத்தில் 50 ஆம்பியருக்குக் குறையாததாகவும் பார்த்து வாங்குங்கள். இந்தக் கார்டுக்கு அதன் தயாரிப்பாளரே 550 வாட் பரிந்துரைக்கிறார்; மேலே உள்ள நூறு வாட், சித்திரை வெயிலுக்கும் நாளை சேர்க்கப்போகும் டிஸ்குகளுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். '80 பிளஸ்' முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதைக் குறிப்பதே தவிர, எவ்வளவு சுமை தாங்கும் என்பதைக் குறிப்பதில்லை; இருந்தாலும், சான்றிதழ் பெறுமளவுக்குச் செய்யப்பட்ட பொருளின் உட்புறம் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கிறது.

அதுவரை முகூர்த்த வேலைகள் நிற்க வேண்டியதில்லை. கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை ஆஃப்டர்பர்னர் நிரலில் 70 விழுக்காடாகக் குறையுங்கள். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் மேக்சிமம் பிராசசர் ஸ்டேட் என்பதை 100இலிருந்து 99 ஆக்குங்கள். இந்த ஒரு எண் மாற்றம் பிராசசரின் டர்போ எனப்படும் கூடுதல் வேகத்தை நிறுத்திவிடும். எக்ஸ்போர்ட் மெதுவாகும், ஆனால் முடியும்.

தூசியைக் கடைசியில் வைத்ததால் அது முக்கியமில்லை என்று எண்ண வேண்டாம். கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றும்போது பறக்கும் சுணை, வீட்டுத் தூசியைப் போன்றதன்று. ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு இடையே சிக்கி, ஒன்றோடொன்று பின்னி, முன்பக்கத்தில் ஒரு தடித்த விரிப்பாகவே படிந்துவிடும், விரலால் உரித்தெடுக்கலாம். கேபினட்டின் அடிப்பகுதியில் எஸ்எம்பிஎஸ் இருந்தால், அதன் மின்விசிறி தரையிலிருந்து காற்றை இழுப்பதால் இந்தச் சுணை முதலில் அங்கேதான் போகும். சூடான எஸ்எம்பிஎஸ் தன் அளவை விடக் குறைவாகவே தாங்கும் என்பதையும், அதற்குள் இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள் ஒவ்வொரு பத்து டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறையப் பாதியாகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஐப்பசியில் போட்ட கார்டைச் சுமந்துகொண்டிருந்த எஸ்எம்பிஎஸ், சம்பா அறுவடை தொடங்கியதும் ஏன் படுத்தது என்பது ஓரளவு விளங்கும். கணினியை வாசலுக்கு வெளியே எடுத்துப்போய், மின்விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, ப்ளோயரால் ஊதுங்கள். மேசையை எதிர்ப்புறச் சுவருக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்தில் கிராமத்தில் இருக்கிறோம். என் மகன் அனிமேஷன் படிக்கிறான். இரவில் எவ்வளவு நேரம் ரெண்டர் (காட்சிகளைக் கணினி கணக்கிட்டுப் படமாக்கும் வேலை) ஓடினாலும் கணினி அணைவதில்லை. பகலில், அதிலும் குறுவை நடவு நேரத்தில் மோட்டார்கள் ஓடும்போது, ரெண்டர் கொடுத்தால் அணைந்துவிடுகிறது. சும்மா இணையம் பார்த்தால் ஒன்றும் ஆவதில்லை. ஸ்டெபிலைசர் மீட்டரில் வரும் மின்சாரம் 170, 180 என்று காட்டும். யுபிஎஸ் 600 விஏ, வாங்கி மூன்று வருடம் இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் உள்ள சிவப்பு சுவிட்சை 115க்குத் தள்ளினால் குறைந்த வோல்டேஜிலும் ஓடும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?
– வாசகர், மன்னார்குடி வட்டம்

பதில்: அந்தச் சிவப்பு சுவிட்சைத் தொடவே வேண்டாம். அது 115 வோல்ட் வழங்கும் நாடுகளுக்காக வைக்கப்பட்டது. 170 வோல்ட் கூட அந்த அமைப்புக்கு அதிகம்தான். மோட்டார்கள் நின்று வோல்டேஜ் 230க்கு ஏறும்போது உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் வெடித்துப் புகை வரும்.

கணினி கேட்கும் வாட் மாறுவதில்லை என்பதால், வோல்டேஜ் குறையக் குறைய எஸ்எம்பிஎஸ் கூடுதல் ஆம்பியரை இழுக்கிறது. சுவரிலிருந்து 350 வாட் எடுக்கும் கணினி, 230 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியர் இழுக்கும் என்றால் 170இல் இரண்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பக்கத்துத் தோப்பில் மோட்டார் கிளம்பும் கணத்தில் அது ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு மின்சாரம் எடுப்பதால், லைனில் இருக்கும் 170உம் கண நேரத்துக்கு இன்னும் கீழே போகும். சும்மா இருக்கும் கணினிக்கு எஸ்எம்பிஎஸ்ஸில் தேங்கியிருப்பது அந்தக் கணத்தைக் கடக்கப் போதும். ரெண்டர் ஓடும் கணினிக்குப் போதாது. தங்கள் மகனுக்கு இரவில் கிடைக்கும் நிம்மதிக்குக் காரணம் இதுவே.

எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் உள்ளீடு என்ன என்று பாருங்கள். 200-240 என்று இருந்தால் 170 வோல்ட் அதன் எல்லைக்கு வெளியே. 100-240 என்று இருந்தால் அது தானே சமாளித்துக்கொள்ளும், சிவப்பு சுவிட்சும் அதில் இருக்காது. வோல்டேஜ் நிலையில்லாத நமது கிராமங்களில், வாட்டுக்கு அடுத்தபடி பார்த்து வாங்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

ஆனால் தங்கள் வீட்டில் யுபிஎஸ் மீதும் எனக்குச் சந்தேகம் உண்டு. 600 விஏ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான்; ரெண்டர் ஓடும் கணினியும் மானிட்டரும் சேர்ந்தால் அந்த எல்லையை முட்டும். லைன் வோல்டேஜ் மிகவும் கீழே போனால் யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும். நமது வெயிலில் அந்தச் சிறிய பேட்டரிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். தளர்ந்த பேட்டரி சிறிய சுமையைச் சில நிமிடம் சுமக்கும், பெரிய சுமை ஏறிய நொடியிலேயே கீழே போட்டுவிடும். அணையும் தருணத்தில் யுபிஎஸ் 'டிக்' என்று சத்தம் எழுப்புகிறதா, மானிட்டரும் கூடவே அணைகிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து அணைந்தால் பழுது யுபிஎஸ்ஸிலோ லைனிலோ இருக்கிறது; கணினி மட்டும் அணைந்து மானிட்டரில் 'சிக்னல் இல்லை' என்று வந்தால் எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கிறது. பணம் செலவழிக்கும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது. பேட்டரி மாற்றுவதாக இருந்தால், பழைய 600 விஏ யுபிஎஸ்ஸுக்குச் செலவிடாமல் 1000 விஏ அளவில் ஒன்றை வாங்குவதே சிக்கனம்.

கேள்வி: நாகப்பட்டினத்தில் ஜெராக்ஸ் கடையும் ஆன்லைன் விண்ணப்பப் பதிவும் நடத்துகிறேன். கணினியில் பெரிய வேலை எதுவும் ஓடுவதில்லை. ஆனால் வரிசையாக விண்ணப்பங்களை அச்சிடும்போது சில சமயம் கணினி அணைந்து எழுகிறது. பிரிண்டர் டிரைவரை மாற்றிப் பார்த்துவிட்டேன்.
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: தங்கள் லேசர் பிரிண்டர் யுபிஎஸ்ஸில் செருகப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். மையைத் தாளில் உருக்கி ஒட்டவைக்கும் உருளையைச் சூடாக்க, லேசர் பிரிண்டர்கள் சில நொடிகளுக்கு ஆயிரம் வாட் வரையிலும் இழுக்கக்கூடும். கடைகளில் வைக்கும் சிறிய யுபிஎஸ் அதைத் தாங்காது. பிரிண்டரை யுபிஎஸ்ஸிலிருந்து எடுத்துச் சுவரில் தனி பிளக்கில் போடுங்கள். கணினியும் பிரிண்டரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பகிரவும் கூடாது. கடற்கரை ஊர் என்பதால், உப்புக் காற்றில் பிளக் முனைகள் பச்சை பூத்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்; பூத்திருந்தால், சுமை ஏறும்போது அந்த இடம் சூடாகி வோல்டேஜை விழுங்கும்.

கேள்வி: தஞ்சாவூரில் பொறியியல் படிக்கிறேன். நான்கு வருட லேப்டாப். சார்ஜர் இல்லாமல் பெரிய புரொகிராமைக் கம்பைல் செய்தாலோ கேம் விளையாடினாலோ, பேட்டரி 35 விழுக்காடு காட்டும்போதே அணைந்துவிடுகிறது. சார்ஜரோடு இருந்தால் அணைவதில்லை, விசிறி மட்டும் கத்துகிறது.
– மாணவர், தஞ்சாவூர்

பதில்: பேட்டரி மாற்றும் காலம் வந்துவிட்டது. வயதான லித்தியம் பேட்டரியின் உள்தடை கூடிவிடுவதால், மெதுவாக இழுத்தால் மீதியிருக்கும் மின்சாரத்தைத் தரும். வேகமாக இழுத்தால் அதன் வோல்டேஜ் சரிந்து, பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். திரையில் தெரியும் 35 விழுக்காடு ஓர் ஊகக் கணக்குதான். விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்ற இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். இரண்டாவது எண் முதலாவதில் பாதியளவுக்கு இறங்கியிருந்தால் ஐயமே வேண்டாம். பேட்டரி தட்டையாக இல்லாமல் மேல்நோக்கி உப்பியிருந்தால், அதாவது டச்பேட் தூக்கிக்கொண்டோ அடிமூடி பிதுங்கியோ இருந்தால், எண்களைப் பார்க்கவும் காத்திருக்காமல் கழற்றச் சொல்லுங்கள்.

விசிறி கத்துவது தனிச் செய்தி. பிராசசரின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் நான்கு ஆண்டுகளில் காய்ந்திருக்கும். பேட்டரி மாற்ற மூடியைத் திறக்கும்போதே, பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, துவரம் பருப்பு அளவுக்குப் புதியதை வைக்கச் சொல்லுங்கள். அள்ளி அப்பினால் குளிர்ச்சி கூடிவிடாது. விடுதிக் கட்டிலில் மெத்தை மேல் வைத்து ஓட்டும் பழக்கம் இருந்தால், அடியில் காற்று புகும் துளைகள் அடைபட்டுவிடும்.

கேள்வி: எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே தூசி தெரிகிறது. நான்கு திருகுகள்தான். திறந்து சுத்தம் செய்யலாமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: கூடாது. உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கியில், நமது 230 வோல்ட் மின்சாரம் நேர்மின்சாரமாக மாறி ஏறக்குறைய 325 வோல்ட்டாகத் தேங்கியிருக்கும். வேறு சிலவற்றில் 380ஐயும் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே வடிந்துவிடாது. இணைப்பைத் துண்டித்துச் சிறிது நேரம் விட்டு, மூடியைத் திறக்காமல், காற்று வெளியேறும் வலைப்பக்கத்திலிருந்து ப்ளோயரால் ஊதுங்கள். அதற்கும் போகாத தூசி இருந்தால், திறக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடலாம். எஸ்எம்பிஎஸ் ஐந்தாறு ஆண்டுகள் பழையது என்றால், அந்தக் கூலியைப் புதியதன் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.